கையெழுத்து இன்று, அறுவைச் சிகிச்சை என்று?

(தொலைக்காட்சிக் கருத்துமன்ற நிகழ்ச்சியில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பிராணிகள் காப்பகத்துக்குச் சென்று நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுக்கும் குடும்பம், அங்கே ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்கிறது. பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, கைப்பேசி எண் எல்லாம் கேட்கப்படும். வீடு சொந்தமா, வாடகையா, வேலி உண்டா என்ற கேள்விகளும் இருக்கும். கடைசியில் ஓர் உறுதிமொழி. குட்டி உரிய வயதை அடைந்ததும் அதற்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிடுவோம் என்பதே அது. மலாயில் 'கெம்பிரி' என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். பிள்ளைகள் குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்க, அப்பா கையெழுத்துப் போடுகிறார். அந்த நேரத்தில் மறுப்பவர் யாருமில்லை. பொய் சொல்லும் எண்ணமும் பெரும்பாலோருக்கு இல்லை. மனதாரத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனாலும் அந்தக் கையெழுத்துகளில் எத்தனையோ நிறைவேறாமல் போகின்றன. காப்பகத்தில் பணியாற்றும் எவரைக் கேட்டாலும் இந்த வேதனையைச் சொல்வார்கள். சில மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தால், "இன்னும் செய்யவில்லை, அடுத்த மாதம் பார்க்கிறோம்" என்பார்கள். அதற்கடுத்த அழைப்பில், "குட்டி போட்டுவிட்டது, கொண்டுவந்து விடலாமா?" என்று கேட்பார்கள். சில எண்கள் பயன்பாட்டிலேயே இருக்காது.

இன்றைய கேள்வி இதுதான். வாக்குறுதியை வாங்குவது எளிது. அதை நிறைவேற்ற வைப்பது எப்படி? அது யாருடைய பொறுப்பு?

நாட்காட்டியில் உள்ள இடைவெளி

முதலில், தவறு எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். குட்டிகள் பெரும்பாலும் இரண்டு மாத வயதை ஒட்டித்தான் புதிய வீட்டுக்குப் போகின்றன. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ பதினாறு வாரம் வரை அடுத்தடுத்த ஊசிகள். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் குட்டியைக் கொன்றுவிடும் என்ற பயம் இருப்பதால், அக்கறையுள்ள குடும்பங்கள் இந்த ஊசிகளைத் தவறவிடுவதில்லை.

நான்கு மாத வயதில் கடைசி ஊசி முடிகிறது. அதோடு கிளினிக்குக்குப் போக வேண்டிய காரணமும் முடிந்துவிடுகிறது. கருத்தடைக்குக் காப்பகங்கள் வழக்கமாகச் சொல்லும் வயது ஐந்து அல்லது ஆறு மாதம். இடையில் உள்ள அந்த ஓரிரு மாதத்தில்தான் வாக்குறுதி காணாமல் போகிறது. நாய் நன்றாகச் சாப்பிடுகிறது, விளையாடுகிறது, வாசலில் ஆள் வந்தால் குரைக்கிறது. நோய் இல்லாத பிராணியை எதற்காக மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றுகிறது. பள்ளிக்கூடத் தேர்வு வருகிறது, தீபாவளி வருகிறது, கார் பழுதாகிறது. ஒரு மாதம் இரண்டாகிறது.

பெண் நாய் ஆறு மாத வயதிலேயே முதல் பருவத்துக்கு வந்துவிடலாம். உடல் பெரிய நாய்களுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எப்போது என்று வீட்டார் முன்கூட்டியே கணிக்க முடியாது. பருவம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். அந்த நாள்களில் கருப்பையைச் சுற்றியுள்ள இரத்த நாளங்கள் பெருத்திருக்கும் என்பதால், மருத்துவர்கள் பலர் அறுவைச் சிகிச்சையை இரண்டு மூன்று மாதம் தள்ளிவைக்கச் சொல்வார்கள். இப்படி ஒரு முறை தள்ளிவைத்தது பெரும்பாலும் மறந்தே போகிறது. வேலிக்கு வெளியே ஆண் நாய்கள் காத்துக் கிடக்கின்றன. குப்பை போடப் போகும்போது கதவு ஒரு நிமிடம் திறந்திருந்தாலே போதும்.

நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாள். ஆறு, ஏழு மாதத்தில் சினைப்பட்ட நாய் தன் முதல் பிறந்தநாளுக்கு முன்பே தாயாகிவிடும். ஒரு ஈற்றில் ஐந்து, ஆறு குட்டிகள் பிறப்பது சாதாரணம். அதன்பிறகும் ஏறக்குறைய ஆண்டுக்கு இரண்டு முறை அது பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாய் ஆயிரக்கணக்கில் பெருகும் என்று சுவரொட்டிகளில் கணக்குக் காட்டுவதுண்டு. அவ்வளவு பெரிய எண் தேவையே இல்லை. ஒரே ஓர் ஈற்றை எடுத்துக்கொண்டால் போதும். காப்பகம் ஒரு குட்டிக்கு ஒரு வீட்டைத் தேடிக் கொடுத்தது. அந்த வீட்டிலிருந்து ஆறு குட்டிகள் வெளியே வந்தன. இப்போது ஆறு வீடு தேட வேண்டும். ஒரு கூண்டைக் காலி செய்ததாக நினைத்த காப்பகம் ஆறு கூண்டுக்கான தேவையைத் தானே உண்டாக்கிவிட்டது.

பிறந்த குட்டிகள் எங்கே போகின்றன?

உறவினர் வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று என்று ஆண் குட்டிகளுக்கு எப்படியோ இடம் கிடைத்துவிடும். பெண் குட்டிகளை யாரும் கேட்பதில்லை. அட்டைப் பெட்டியில் வைத்து ஈரச்சந்தை ஓரத்திலும், உணவுக்கடைப் பின்புறத்திலும், கோயில் வாசலிலும், செம்பனைத் தோட்டப் பாதையிலும் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். "யாராவது எடுத்துக்கொள்வார்கள்" என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். சில குட்டிகள் வண்டியில் அடிபடும், சில பட்டினியால் சாகும். பிழைத்தவை கூட்டமாகத் திரியும். பிறகு குடியிருப்பாளர்கள் புகார் கொடுப்பார்கள். நகராண்மைக் கழகத்தின் நாய் பிடிக்கும் வண்டி வரும்.

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதை நாடு ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. போர்ட் கிள்ளானுக்கு அப்பால் உள்ள புலாவ் கெத்தாம் தீவில் நாய்கள் பெருகிவிட்டன என்று, 2009-ஆம் ஆண்டில் கிராமத்தார் 300-க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்துப் படகில் ஏற்றி, ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் விட்டுவிட்டார்கள். உணவில்லை, குடிக்க நல்ல தண்ணீரில்லை. பல நாய்கள் மாண்டன. பிராணி நல அமைப்புகள் படகெடுத்துப் போய் மீட்க முடிந்தவற்றை மீட்டன. அந்தச் செய்தியும் படங்களும் வெளிநாடுகள்வரை போயின. கிராமத்தாரை மட்டும் கொடியவர்கள் என்று சொல்லி அதை முடித்துவிட முடியாது. முந்நூறு நாய்கள் ஒரே நாளில் வானத்திலிருந்து விழவில்லை. தடுக்கப்படாத ஒவ்வோர் ஈற்றும் சேர்ந்துதான் அந்த எண்ணிக்கை ஆனது.

மனிதர்களின் உயிரும் இதில் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்வது பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது. 2017-ஆம் ஆண்டு சரவாக்கில் அந்நோய் பரவி, மனித உயிர்களையும் பறித்தது. உரிமம் இல்லாமல், ஊசி போடாமல், யாருக்கும் சொந்தமில்லாமல் திரியும் நாய்கள் பெருகப் பெருக, இப்படிப்பட்ட நோயை அடக்குவது கடினமாகிறது.

வீட்டில் எழும் தடைகள்

வாக்குக் கொடுத்தவர்கள் ஏன் நிறைவேற்றுவதில்லை? நம்மவர் வீடுகளில் கேட்கும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே, பாவம்" என்பது பாட்டியின் குரல். வாயில்லா ஜீவனின் தாய்மையைப் பறிக்கக் கூடாது என்ற இரக்கம் அது. அந்த இரக்கத்தை ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் ஒரு முறை ஈன்றால்தான் நாய் நலமாக இருக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. உண்மை அதற்கு நேர்மாறாக இருக்கிறது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரக்கூடும். உடனே கவனிக்காவிட்டால் உயிர் போகும். முதல் பருவத்துக்கு முன்பே அறுவை செய்த நாய்களுக்கு மார்பகக் கட்டி மிக அரிதாகவே வருகிறது என்று 1969-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அதன் கணக்கு எவ்வளவு உறுதியானது என்று பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருந்தாலும், கருப்பைச் சீழ் பற்றிச் சந்தேகமே இல்லை. கருப்பையும் சூலகமும் அகற்றப்பட்ட நாய்க்கு அந்த நோய் வர இடமில்லாமல் போகிறது.

"ஆண் நாய்தானே, அதற்கு எதற்கு?" என்பது அப்பாவின் கேள்வி. வீட்டுக்குள் குட்டி பிறக்காது என்பதால் தனக்குப் பொறுப்பில்லை என்று நினைக்கிறார். ஆனால் தெருவில் பிறக்கும் குட்டிகளுக்குத் தகப்பன் யார்? ஒரு பெண் நாய் ஆண்டுக்கு இரண்டு முறைதான் ஈன முடியும். ஆண் நாய்க்கு அப்படி வரம்பே இல்லை. பெண் நாயின் வாடை பிடித்து வேலி தாண்டி ஓடி, சாலையில் அடிபட்டோ சண்டையில் கடிபட்டோ வருவதும் ஆண் நாய்தான். இனச்சேர்க்கையின்போது ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் ஒருவகைக் கட்டி நோயும் உண்டு. வெப்ப நாடுகளின் தெருநாய்களிடம் அது அதிகம்.

"அறுவை செய்தால் காவல் காக்காது, சோம்பேறியாகிவிடும்" என்பது இன்னொரு நம்பிக்கை. தோட்டப்புறத்தில் காளைக்குக் காயடித்ததைப் பார்த்த தலைமுறையின் நினைவு இது. ஆனால் காயடித்த காளைதானே வண்டி இழுத்தது, வயல் உழுதது? நாய் தன் இடத்தையும் தன் வீட்டாரையும் காப்பது இனப்பெருக்க ஆசையால் அல்ல. அறுவைக்குப் பின் உடல் பெருக்க வாய்ப்புண்டு என்பது உண்மை. சோற்றைச் சற்றுக் குறைத்து, காலையும் மாலையும் நடக்க வைத்தால் அது கட்டுக்குள் இருக்கும்.

"அண்ணனும் தங்கையும்தானே, ஒன்றும் ஆகாது" என்று ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை எடுத்துச் செல்வோரும் உண்டு. நாய்களுக்கு அந்த உறவுமுறை தெரியாது. பருவம் வந்தால் உடன்பிறந்தவையே இணைசேரும்.

கடைசியாக, செலவு. யாரும் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கும் காரணம் இதுதான். தனியார் கிளினிக்குகளில் இந்த அறுவைக்குச் சில நூறு ரிங்கிட் ஆகிறது. பெண் நாய்க்கு இன்னும் கூடுதல். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கடனும் கார்க்கடனும் கட்டும் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. குட்டி இலவசமாகவோ சிறிய நன்கொடைக்கோ கிடைத்திருக்கும். அந்த நாளிலேயே யாரும் இந்தத் தொகையை ஒதுக்கி வைப்பதில்லை. ஆறாவது மாதத்தில் அது திடீர்ச் செலவாகத் தெரிகிறது.

இந்தக் காரணங்களைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தால் வாக்குத் தவறுவதில்லை. பயம், செலவு, மறதி, வீட்டுப் பெரியவர் ஒருவரின் மறுப்பு ஆகியவைதாம் காரணம். ஆகவே மிரட்டலால் மட்டும் இது தீராது. ஏற்பாட்டால்தான் தீரும்.

ஒப்பந்தத்தின் பலமும் பலவீனமும்

"கருத்தடை செய்யாவிட்டால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம்" என்று பல காப்பகங்கள் ஒப்பந்தத்தில் எழுதிவைக்கின்றன. எழுத்தில் அது கடுமையாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும்? எட்டு மாத நாயை வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். பிள்ளைகள் அழுவார்கள். வீட்டார் கதவைத் திறக்க மாட்டார்கள். வழக்குப் போட்டால் வழக்கறிஞர் செலவில் எத்தனையோ நாய்களுக்கு அறுவை செய்துவிடலாம். அப்படியே மீட்டு வந்தாலும் வைக்க இடமில்லை. இடமில்லாத காப்பகங்களில் நலமான நாய்கள்கூடக் கருணைக் கொலைக்கு ஆளாகும் நிலை உண்டு. ஆக, அந்த விதியைச் செயல்படுத்தினால் தண்டனை அனுபவிப்பது நாய்தான்.

ஒப்பந்தம் தேவையில்லை என்று பொருளல்ல. பொறுப்பை நினைவூட்டும் ஆவணமாக அது இருக்கட்டும். ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

வைப்புத்தொகை வாங்குவது அடுத்த வழி. அறுவை முடிந்த சான்றிதழைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். இது ஓரளவு பயன் தருகிறது. ஆனால் தொகை எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அறுவைக்கு முந்நூறு ரிங்கிட் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஐம்பது ரிங்கிட்டைத் திரும்பப் பெறுவதற்காக முந்நூறு செலவழிப்பவர் யார்? வைப்புத்தொகை போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். வைப்புத்தொகையை விடச் சிறந்தது, அறுவைக் கட்டணத்தையே தத்தெடுக்கும் நாளில் வாங்கிவிடுவது. காப்பகம் தனக்குத் தெரிந்த கிளினிக்கோடு பேசிக் குறைந்த விலைக்கு ஏற்பாடு செய்து, அந்தக் கட்டணத்தைத் தத்துக் கட்டணத்தோடு சேர்த்துவிட வேண்டும். ஏற்கெனவே பணம் கட்டிய சேவையை விட்டுவிட யாருக்கும் மனம் வராது. ஆறாவது மாதத்தில் திடீர்ச் செலவும் இருக்காது. ஒரே தடவையில் கட்ட முடியாதவர்கள் இரண்டு மூன்று தவணையில் கட்டலாம்.

கொடுக்கும் முன்பே செய்துவிடலாமா?

மேலைநாட்டுக் காப்பகங்கள் பலவும் இந்தத் தொல்லைகளையெல்லாம் பார்த்துவிட்டு எடுத்த முடிவு, அறுவை முடிந்த பிறகே நாயைக் கையில் கொடுப்பது. சிறு வயதிலேயே அறுவை செய்வதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 1993-ஆம் ஆண்டு ஆதரித்தது. 1998-ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலம் இதற்கென்றே சட்டம் இயற்றியது. பெரிய மாவட்டங்களில் உள்ள காப்பகங்கள் கருத்தடை செய்யாமல் நாயைத் தத்துக் கொடுக்கக் கூடாது. உடல்நலக் காரணத்தால் அறுவை செய்ய முடியாத நாய்க்கு மட்டுமே வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு விலக்கு அளிக்கலாம்.

இதற்கும் எல்லைகள் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,842 நாய்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவில், மிகச் சிறு வயதில் அறுவை செய்யப்பட்ட பெண் நாய்களுக்குச் சிறுநீரை அடக்க முடியாத கோளாறு அதிகம் காணப்பட்டது. ஆகவே பெண் குட்டிக்குக் குறைந்தது மூன்று மாதம் ஆகும்வரை பொறுப்பது நல்லது என்றார்கள். உடல் பெரிய நாய்களுக்கு இன்னும் தாமதிப்பது மூட்டுகளுக்கு நல்லது என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013-ஆம் ஆண்டு முதல் எழுதி வருகிறார்கள். எந்த நாய்க்கு எந்த வயது பொருத்தம் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் மருத்துவர் ஒரு நாளைக் குறித்தே ஆக வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்பது எந்த ஆய்வும் சொல்லாத அறிவுரை.

இங்குள்ள காப்பகங்களில் இடநெருக்கடி அதிகம். குட்டியை மூன்று நான்கு மாதம்வரை கூண்டில் வைத்திருந்தால் நோய் தொற்றும் அபாயம் உண்டு. மனிதர்களோடு பழக வேண்டிய பருவமும் வீணாகும். அதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. குட்டியை இரண்டு மாதத்திலேயே வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் தத்து நிறைவடைந்ததாகக் கணக்கில் எழுதாமல், 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று எழுதிவைக்க வேண்டும். மைக்ரோசிப் பதிவு காப்பகத்தின் பெயரிலேயே இருக்கும். அறுவை முடிந்த அன்றுதான் பெயர் மாற்றமும் தத்துச் சான்றிதழும். அந்த நாள்வரை நாய் காப்பகத்தின் நாய். குடும்பம் அதன் பாதுகாவலர். இந்த ஏற்பாட்டில் யாரும் யாரிடமிருந்தும் நாயைப் பிடுங்க வேண்டியதில்லை. சான்றிதழ் கையில் வரும் நாளைப் பிள்ளைகளே எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கடைசி ஊசி நாளே முதல் வாய்ப்பு

பணமும் ஆளும் குறைவாக உள்ள சிறிய காப்பகங்கள்கூட இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. முன்பு சொன்ன அந்த இடைவெளியை அடைப்பதுதான் அது. நான்காவது மாதக் கடைசி ஊசிக்கு நாய் கிளினிக்குக்கு வருகிறதல்லவா? அந்த மேசையிலேயே அறுவைக்கான தேதியை முன்பதிவு செய்துவிட வேண்டும். ஊசிப் புத்தகத்திலேயே அந்தத் தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த ஊசி எப்போது என்று பார்க்கும் கண்ணுக்கு அதுவும் தெரியட்டும்.

பிறகு நினைவூட்டல். தேதிக்கு ஒரு மாதம் முன் ஓர் அழைப்பு, ஒரு வாரம் முன் ஒரு வாட்சாப் செய்தி, முதல்நாள் மாலை ஓர் அழைப்பு. கடன்காரர் பேசுவதுபோல் இல்லாமல், "குட்டி எப்படி இருக்கிறது? படம் அனுப்புங்கள்" என்று தொடங்கும் பேச்சாக இருக்க வேண்டும். அப்பாவின் எண் மட்டும் போதாது. அம்மா, மூத்த பிள்ளை, உறவினர் ஒருவர் என இரண்டு மூன்று எண்கள் வேண்டும். வீடு மாறுவோரும் எண் மாற்றுவோரும் பலர் அல்லவா?

போக்குவரத்தும் ஒரு தடை. வாடகைக் காரில் பெரும்பாலும் நாயை ஏற்ற மாட்டார்கள். மோட்டார் சைக்கிளில் கொண்டு போக முடியாது. கார் இருக்கும் தன்னார்வலர் ஒருவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் கொடுத்தால், ஒரு தாமானில் உள்ள நான்கைந்து நாய்களை ஒரே நாளில் கொண்டுபோய்த் திரும்பலாம். ருக்குன் தெத்தாங்கா குழுக்களும் இளைஞர் மன்றங்களும் இதைச் செய்தால், தெருநாய்ப் புகார் எழுதும் வேலை அவர்களுக்கே குறையும்.

சிங்கப்பூர் காட்டும் வழி

அக்கரைச் சீமையில் கட்டணத்தின் மூலமே ஓர் உந்துதல் வைத்திருக்கிறார்கள். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டு உரிமக் கட்டணம் 15 வெள்ளி. செய்யாத, ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு 90 வெள்ளி. கருத்தடை செய்த நாய்க்கு ஆயுளுக்கும் ஒரே உரிமம் எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. 2012-இல் தொடங்கிய 'அடோர்' திட்டத்தின்கீழ், மீட்கப்பட்ட கலப்பின நாய்களை வீவக வீடுகளில் வளர்க்க அனுமதி கிடைத்தது. அதற்கு நாய் கருத்தடை செய்யப்பட்டிருக்க வேண்டும். 2018-இல் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, மீண்டும் விட்டுப் பராமரிக்கும் திட்டத்தையும் தொடங்கினார்கள். தெருநாய்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் கருத்தடை செய்வதே அப்போது இலக்காக இருந்தது.

மலேசியாவில் 2015-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் கொடுமை செய்வோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட்வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. சிறைத்தண்டனையும் உண்டு. ஆனால் கருத்தடையை அந்தச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. நாய் உரிமம் ஊராட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது. கருத்தடைச் சான்றிதழ் காட்டுவோருக்கு உரிமக் கட்டணத்தில் தெளிவான சலுகை, காட்டாதோருக்குத் தெளிவான கூடுதல் கட்டணம் என்ற முறை நாடு முழுக்க ஒரே மாதிரி இருந்தால், காப்பகங்களின் பாதிச் சுமை குறையும். நாய் பிடிக்கும் வண்டிக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதி, அந்த வண்டிக்கு வேலையே இல்லாமல் செய்யப் பயன்படலாம்.

குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பயமே பல வீடுகளில் தடையாக இருப்பதால், அறுவை நாள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவது நல்லது. முதல்நாள் இரவுக்குப் பின் பெரும்பாலும் உணவு கொடுக்கக் கூடாது. சிறு குட்டிகளுக்கு அவ்வளவு நேரம் பட்டினி ஆகாது என்பதால் மருத்துவர் சொல்லும் நேரத்தைக் கேட்டு நடக்க வேண்டும். மயக்கம் கொடுத்தே அறுவை செய்வார்கள். பெரும்பாலான நாய்கள் அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்பிவிடும். அன்றிரவு சற்றுத் தள்ளாடும், சோர்ந்து படுத்திருக்கும். அது மயக்க மருந்தின் விளைவு.

பத்து முதல் பதினான்கு நாள்வரை தையலை நக்கவிடக் கூடாது. அதற்காகத்தான் கழுத்தில் கூம்பு மாட்டுகிறார்கள். பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டால், தையல் பிரிந்து இன்னொரு செலவு வரும். அந்த நாள்களில் குளிப்பாட்டவும் ஓடவிடவும் கூடாது. காயம் வீங்கினாலோ, சீழ் வடிந்தாலோ, நாய் சாப்பிட மறுத்தாலோ உடனே கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். ஆண் நாய்க்கு அறுவைக்குப் பிறகும் சில வாரம் கருவுறச் செய்யும் திறன் இருக்கும் என்பதால், ஏறக்குறைய ஒரு மாதம் பெண் நாய்களிடமிருந்து விலக்கி வைப்பது நல்லது.

பைரவருக்கு வாகனம் என்று நாயைக் கும்பிடும் சமூகம் நம்முடையது. கும்பிடும் கை, பெட்டியில் குட்டிகளைக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் வைக்கக் கூடாது. இரக்கம் என்பது எடுத்து வளர்ப்பதோடு முடிவதில்லை. வளர்க்க ஆளில்லாத உயிர்கள் பிறக்காமல் பார்த்துக்கொள்வதும் இரக்கம்தான்.

காப்பகங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு எத்தனை குட்டிகளைத் தத்துக் கொடுத்தோம் என்று அறிக்கை வெளியிடும்போது, அவற்றில் எத்தனைக்கு அறுவை முடிந்தது என்ற எண்ணையும் பக்கத்திலேயே போடுங்கள். அந்த இரண்டாவது எண்தான் உங்கள் உழைப்பின் உண்மையான அளவு. முதலில் பெண் குட்டிகளின் பட்டியலை எடுத்து, ஐந்து மாதத்தைத் தாண்டியவற்றின் வீடுகளுக்கு இந்த வாரமே அழையுங்கள்.

குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் முன், "அறுவை எந்தத் தேதி, எந்த கிளினிக், எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று நீங்களே கேளுங்கள். பதில் கிடைத்ததும் வீட்டு நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே ஒரு நாய் வீட்டில் இருந்து, வாக்குறுதி பாக்கி இருந்தால், காப்பகத்தை அழைக்க வெட்கப்பட வேண்டாம். தாமதமாக வரும் அழைப்பை எந்தக் காப்பகமும் கோபித்துக்கொள்வதில்லை. பெட்டி நிறையக் குட்டிகளோடு வரும் அழைப்புதான் அவர்களை உடைத்துவிடுகிறது.